உப்புக்காற்றுக்கு ஒரு பிறேம்

2024 ஜூன் 8, சனி

கையில் 60,000 ரூபாய். அதற்குள் ஒரு மவுண்டன் சைக்கிள் பூட்டி எடுக்க வேண்டும். கிழமை நாட்களில் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். ஞாயிறுகளில் கன்னியாப் பக்கத்துக் கிறவல் ரோட்டுகளில் ஓட வேண்டும். இரண்டையும் அது தாங்க வேண்டும்.

"புதுசா ஒண்டை எடுத்துப்போட்டு வேலையைப் பாருங்கோவன்" என்கிறா மனிசி. அதையும் பார்க்காமலில்லை. இந்த விலைக்குக் கடையில் தொங்குபவற்றில் பார்வைக்கு எல்லாம் இருக்கிறது: முன்னால் ஸ்பிரிங் போக், டிஸ்க் பிறேக், இருபத்தொரு கியர். ஆனால் மலிவு ஸ்பிரிங் போக் மட்டும் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். கடற்கரையில் ஒரு மாரி கழிந்தால் ஸ்பிரிங் இறுகிவிடும்; பாரம் மட்டும் அப்படியே இருக்கும். அந்தக் காசைப் பிறேமில் போடுவது மேல்.

பிறேம் உருக்கில்தான் என்று முடிவு. அலுமினியம் பாரம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். உருக்கின் அடர்த்தி 7.85, அலுமினியத்துக்கு 2.7, மூன்றிலொரு பங்குதான். ஆனால் விறைப்பும் அதே மூன்றிலொரு பங்கு: உருக்கு 200 கிகாபாஸ்கல், அலுமினியம் 70. ஆகவே அலுமினியக் குழாயைப் பருமனாக்கித்தான் விறைப்பை ஈடுகட்டுகிறார்கள். இன்னொன்று உலோகக் களைப்பு. ஓரளவுக்கு உட்பட்ட அதிர்வை உருக்கு எத்தனை தரமும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லைக்கோடு கிடையாது. சிறு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். வெடித்தால் அலுமினியத்தை முறையாக ஒட்டி, திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்தித் தர இங்கே ஆளில்லை. உருக்கு என்றால் காஸ் வெல்டிங்கும் பித்தளைக் கம்பியும் இருக்கிற எந்தப் பட்டறையிலும் காரியம் நடக்கும்.

உருக்குக்கு ஒரேயொரு சத்துரு கறள். நாங்கள் இருப்பதோ மூன்று பக்கமும் கடல் உள்ள திருகோணமலையில். தெரிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் தங்கியிருக்கிறது.

பிறேமுக்கும் போக்குக்கும் சேர்த்து 20,000க்கு மேல் இல்லை. மூன்றிலொரு பங்கு. இதைத் தாண்டினால் சில்லுக்கும் பிறேக்குக்கும் காசு போதாமல், கட்டி முடியாத சைக்கிள் ஒன்று வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும்.

2024 ஜூன் 9, ஞாயிறு

சந்தைப் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணையிடம் போனேன். பிறேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணை, உங்கட கடையில எந்தெந்தச் சாமான் எந்நாளும் இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்ல கேள்வி. ஆக்கள் எல்லாம் பிறேமை வாங்கிக்கொண்டு வந்து வைச்சிட்டுத்தான் கேக்கிறவை, இதுக்குச் சாமான் இருக்கோ எண்டு" என்றார்.

அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். பெடல் அச்சு உட்காரும் பெட்டி 68 மில்லிமீற்றர் அகலம், இங்கிலிஸ் புரி. பின்சில்லு அச்சுக்கான இடைவெளி 135 மில்லிமீற்றர். போக் தண்டு ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீற்றர் தடிப்பு, புரியில்லாத வகை. பிறேக் வி-பிறேக். பின்னால் ஏழு கியர் பிறீவீல். இவை அத்தனையும் அவரிடம் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த கடையில் உண்டு. இவற்றுக்கு வெளியே ஒரு அளவு வந்தால் கொழும்புக்குப் போன் எடுக்க வேண்டும்.

ரயர் கதை தனி. 26 என்று இரண்டு ரயர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் 26 × 1 3/8 என்று அடித்திருந்தது. சாதாரண ஓட்டச் சைக்கிளுக்கானது. அது றிம்மில் உட்காரும் விட்டம் 590 மில்லிமீற்றர். மற்றதில் 26 × 1.95, மவுண்டன் சைக்கிளுக்கானது. இதன் விட்டம் 559. பெயர் ஒன்று, இடையில் 31 மில்லிமீற்றர். அப்பாமார் ஓடிய உயரச் சைக்கிளின் 28 × 1 1/2 ரயரோ 635. இப்போது வெளிநாட்டில் பேசப்படும் 29 அங்குலம் அதைவிடச் சிறியது, 622. எண்ணைப் பின்னத்தில் எழுதினால் ஒன்று, தசமத்தில் எழுதினால் வேறொன்று. வி-பிறேக்குக்கான முளைகள் பிறேமிலேயே ஒட்டப்பட்டிருப்பதால் சில்லின் விட்டத்தைப் பிறகு மாற்றவும் வழியில்லை.

ஆக, சில்லு 559. இந்த அளவுக்கு ரயர் இல்லாத கடை திருகோணமலையிலும் இல்லை, கிண்ணியாவிலும் இல்லை, மூதூரிலும் இல்லை.

2024 ஜூன் 11, செவ்வாய்

இரவு ரொறன்ரோவில் இருந்து மச்சான் எடுத்தான். ஓகஸ்டில் வருகிறானாம். "பிறேம் ஒண்டு கொண்டாறன். காசைப் பற்றி யோசியாத" என்றான். படமும் அனுப்பினான். அழகான சாமான்தான்: குரோமோலி உருக்கு, பின்னச்சு 148 மில்லிமீற்றர், தலைக்குழாய் 44 மில்லிமீற்றர், 29 அங்குலச் சில்லுக்கானது. விலை பிறேம் மட்டுமே எழுநூறு அமெரிக்க டொலருக்கு மேல். இன்றைய டொலர் முந்நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கணக்குப் போடத் தேவையில்லை.

காசை அவன் கொடுத்தாலும் எனக்கு ஒத்துவராது. 148 மில்லிமீற்றர் அச்சு இந்த ஊரில் எவரிடமும் இல்லை. ஒரு போல்பெயரிங் தேய்ந்தால் நான் அவனுக்கு எழுத வேண்டும். அவன் அடுத்த கோடைக்கு வரும்வரை சைக்கிள் தாவாரத்தில் நிற்கும். 29 அங்குல றிம்மில் கம்பி ஒன்று அறுந்தால் அந்த நீளத்துக் கம்பிக்கும் அலைய வேண்டும்.

"பிறேம் வேண்டாம். நல்ல செயின் ஒண்டும், பிறேக் கட்டை நாலும் கொண்டா" என்றேன். "உனக்கு விசர்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

2024 ஜூன் 13, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குழாய்களைப் பற்றித் தேடி வாசித்தேன்.

மவுண்டன் சைக்கிளே பழைய இரும்பைப் பொறுக்கிக் கட்டியதில்தான் பிறந்தது. கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்த ஷ்வின் சைக்கிள்களை எடுத்து, பருத்த ரயர் பூட்டி மலையிலிருந்து மண்பாதையில் இறக்கினார்கள். 1976இல் அதையே போட்டியாக நடத்தினார்கள். இறக்கத்தில் பின் பிறேக் சூடேறிக் கிறீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கிறீஸ் அடைக்க வேண்டும். போட்டிக்கு ரீபேக் என்று பெயர் விழுந்தது அதனால்தான். பழைய பிறேம்கள் உடைந்துகொண்டே போக, 1977இல் ஜோ பிறீஸ் குரோமோலிக் குழாயில் புதிதாக ஒரு பிறேம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. பெயர் அமெரிக்காவினது, பிறேம் ஜப்பானில் செய்தது. அதன் பிறகு பத்துப் பதினைந்து வருடம் ஜப்பானும் தாய்வானும் உருக்கு மவுண்டன் சைக்கிள்களைச் செய்து தள்ளின. 90களின் கடைசியில் அலுமினியம் அந்த இடத்தைப் பிடித்தது.

எங்களுக்கு இதில் காரியம் இருக்கிறது. ஜப்பானில் கழித்துவிட்ட சைக்கிள்கள் கொள்கலனில் இலங்கைக்கு வருகின்றன. கூடை வைத்த ஓட்டச் சைக்கிள்கள்தான் அதில் அதிகம். இடையிடையே இந்தப் பத்துப் பதினைந்து வருடத்துப் பிறேம்களும் வந்து விழும்.

குரோமோலி என்பது இரும்போடு ஏறத்தாழ ஒரு வீதம் குரோமியம், 0.2 வீதம் மொலிப்டினம், 0.3 வீதம் கரி சேர்ந்த உருக்கு. 4130 என்ற இலக்கத்தால் குறிப்பார்கள். பலர் நினைப்பதுபோல இது சாதாரண உருக்கைவிட விறைப்பானதல்ல. எல்லா உருக்குக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பலம்தான் கூட. பலம் கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம், பாரம் குறையும். நல்ல குழாயில் ஒட்டு விழும் இரு முனைகளும் 0.9 மில்லிமீற்றர், நடுப்பகுதி 0.6 என்று இழைத்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் வந்தது. அந்த ரெனால்ட்ஸ் பேர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்த கம்பனி. அதே குழுமத்தோடு சேர்ந்துதான் முருகப்பா குடும்பத்தார் 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். என்றாலும் எங்கள் பக்கத்து ரோட்டுகளில் அந்தக் காலம் ஓடியதெல்லாம் சாதாரண உருக்கில் செய்த உயரச் சைக்கிள்தான். பாரம் அதிகம், ஆனால் குழாய் தடிப்பென்பதால் இன்னும் சில ஓடுகின்றன. தடிப்புக் குழாய் நின்றுபிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஜூன் 15, சனி

காலையிலேயே கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்குமுன் பாதைப்படகுக்குக் காத்துநின்ற துறை இது. இப்போது 396 மீற்றர் பாலத்தை பஸ் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது.

நாளை மறுநாள் ஹஜ் பெருநாள். ஜப்பான் சைக்கிள் விற்கும் நானா ஒருவரின் வளவில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் எடுக்க வந்த வாப்பாமாரின் கூட்டம். "தம்பி, நீங்க உள்ளுக்குப் போய்ப் பாருங்க. நான் இவங்கள அனுப்பிட்டு வாறன்" என்றார். எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. பையில் காந்தம், அடிமட்டம், நூல், செருப்புத் தைக்கிற ஊசி, கூடவே வேலைத்தலத்தில் இரவல் வாங்கிய வேணியர்.

காந்தத்தின் உபயோகம் ஒன்றே ஒன்று: ஒட்டாவிட்டால் அலுமினியம், விலகிப்போகலாம். ஒட்டினால் உருக்கு, ஆனால் எந்த உருக்கு என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சீற் தண்டு. அதை வேணியரால் பிடித்தால் சீற் குழாயின் உள்விட்டம் தெரிந்துவிடும். அந்தக் காலத்துப் பிறேம்களில் சீற் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீற்றர். கழித்து இரண்டால் பிரித்தால் சுவரின் தடிப்பு வந்துவிடும்.

மூன்று பிறேம்கள் தேறின.

முதலாவது சிவப்பு. புதுப் பூச்சு, பளபளப்பு, மவுண்டன் என்று பெரிய எழுத்து. சீற் தண்டு 25.4. அப்படியானால் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர். சாதாரண உருக்கு; தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது. அச்சு விழும் பின் கவைகள் வார்ப்பல்ல, தகட்டை வெட்டி நசுக்கி ஒட்டியவை. பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது நாவல் நிறம். போக்கைக் கழற்றிப் பார்த்தால் தண்டின் அடியில் டாங்கே என்ற முத்திரை. பெயர்பெற்ற ஜப்பான் குழாய்க் கம்பனி. சீற் தண்டு 27.2. சுவர் 0.7க்கும் கீழே. விரலால் சுண்டினால் மேற்குழாயின் நடுவில் கணீரென்கிறது, முனைகளில் அடங்குகிறது. நடு இழைத்த குழாய் என்பதற்கு அடையாளம். பின் கவைகள் வார்ப்பு. ஒட்டுகள் ஒவ்வொன்றும் அடுக்கு அடுக்காக, ஒரே அளவில். ஒரு கையால் தூக்கினேன். இதுதான் என்று மனம் அடித்துச் சொல்லிவிட்டது.

மூன்றாவது சாம்பல் நிறம், உரஞ்சிப்போன பூச்சு. மேற்குழாயில் பாதி ஸ்ரிக்கர் மிச்சம்: மூன்று பிரதான குழாய்கள் மட்டும் குரோமோலி. பின் கவட்டுக் குழாய்கள் சாதாரண உருக்கு. சீற் தண்டு 26.8. சுவர் 0.8, 0.9 வரும். இழைக்காத, ஒரே தடிப்புக் குழாய்.

ஊசியை எடுத்தேன். தேடவேண்டிய இடங்கள் இரண்டு: பெடல் பெட்டியைச் சுற்றியும், கவட்டுக் குழாய்கள் பின் கவையைத் தொடும் மூலையும். சீற் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பெடல் பெட்டியில்தான் தேங்கும். அடியில் ஒரு துவாரம் இருக்க வேண்டும். அதைச் சேறு அடைத்துவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. நாவல் நிறப் பிறேமைக் கவிழ்த்தேன். துவாரம் அடைபட்டிருந்தது. வலப்பக்கக் கவட்டுக் குழாயின் அடியில், பெட்டிக்கு இரண்டு விரல் தள்ளி, பூச்சு கடுகளவு கடுகளவாகக் கொப்பளித்திருந்தது. இரண்டு ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே வந்தேன். அந்த இடத்தில் சத்தம் மொத்தென்று மாறியது. ஊசியை வைத்து அழுத்தினேன். ஒரு தடையுமில்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது கபிலத் தூள் கொட்டியது.

"தம்பி, ஊசி வெச்சுக் குத்தாதீங்க, பெய்ன்ட் போயிரும்" என்று நானா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பெய்ன்ட் போனாப் பூசலாம் நானா. இது பைப்பே போயிற்று."

வந்து குந்தியிருந்து பார்த்தார். "அல்லாஹ்... இத நான் பாக்கல்ல" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

சாம்பல் பிறேமிலும் அதே இடங்களில் குத்தினேன். ஊசி ஏறவில்லை. சீற் தண்டு மட்டும் இறுகியிருந்தது. அலுமினியத் தண்டும் உருக்குக் குழாயும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து, அலுமினியம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். பிடியைத் தளர்த்திச் சீற்றைப் பிடித்துத் திருகியபோது ஒரு கிறீச்சலோடு அசைந்தது. அசைந்தால் போதும். அசையாத தண்டுள்ள பிறேமை இலவசமாகத் தந்தாலும் எடுக்கக்கூடாது.

விலை பேசவில்லை. பெருநாளுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2024 ஜூன் 16, ஞாயிறு

நாவல் நிறம் மனதை விட்டுப் போகவில்லை. கடை அண்ணையிடம் சொன்னேன். "பித்தளையில ஒரு ஒட்டு வைச்சுப் பாக்கலாம்" என்றார். அவரே பிறகு தலையை ஆட்டினார். "ஓட்டை விழுந்த இடத்தில ஒட்டலாம். பக்கத்தில எவ்வளவு தூரம் தின்றிருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?" ஆர்க் வெல்டிங் வைத்தால் 0.6 மில்லிமீற்றர் குழாய் அப்படியே உருகிப்போகும். காஸ் வைத்தாலும் பித்தளை பிடிக்க நல்ல உருக்கு வேண்டும். கறளில் பித்தளை ஒட்டாது.

புதிதாகவே ஒரு பிறேம் ஒட்டித் தருகிறேன் என்று மூலைப் பட்டறைத் தம்பி முன்வந்தான். கேற்றுக்கும் கதிரைக்கும் பாவிக்கிற பைப்பில். கை நல்ல கை. ஆனால் பிறேமுக்கு அச்சுச் சட்டம் வேண்டும். பின் கவையும் தலைக்குழாயும் ஒரே தளத்தில் நிற்காவிட்டால் கையை விட்ட உடனே சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். ஒரேயொரு பிறேமுக்காக அவன் சட்டம் செய்தால் கூலி என் பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

பின்னேரம் சீனக்குடாப் பக்கம் நடந்தேன். பற்றைக்குள் இங்கிலிஸ்காரன் 1930களில் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள். மொத்தம் 99. பாதிக்கு மேல் பல தசாப்தங்களாக வெறுமையாகக் கிடக்கின்றன. பூச்சும் இல்லை, பராமரிப்பும் இல்லை. கடல் காற்றில் இத்தனை காலம் நின்றும் தொட்டிகள் விழவில்லை. காரணம் தகட்டின் தடிப்பு. கறள் மேலிருந்து தின்றுகொண்டு வருகிறது. தின்ன இன்னும் இருக்கிறது.

பிறேமுக்கும் கணக்கு இதேதான். கறள் வருடத்துக்கு இவ்வளவு என்று சுவரைக் குறைத்துக்கொண்டே போகும். 0.6இல் பாதி போனால் மிச்சம் 0.3. அதே அளவு 0.9இல் போனால் மிச்சம் 0.6; இன்னும் ஓடலாம். மலைநாட்டில் இருப்பவனுக்கு மெல்லிய குழாய் வரம். துறைமுகத்து ஊரில் இருப்பவனுக்கு அந்தக் கால் மில்லிமீற்றர்தான் சேமிப்பு. அதற்காக ஒன்றரை மில்லிமீற்றருக்குப் போனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சாம்பல் நிறம் நடுவில் நிற்கிறது.

தீர்ந்தது. சாம்பல்தான்.

2024 ஜூன் 17, திங்கள்

பெருநாள் விடுமுறை. கிண்ணியாச் சிநேகிதன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. சைக்கிள் பற்றி ஒரு யோசனையும் இல்லை.

2024 ஜூன் 19, புதன்

அரைநாள் லீவு. நானா முழுச் சைக்கிளுக்கு 28,000 சொன்னார். சில்லு இரண்டும் எனக்கு வேண்டாம், கியர் வேண்டாம், ஹாண்டில் வேண்டாம்; பிறேம், போக், தலைக்கப், சீற் தண்டு மட்டும் போதும் என்றேன். "அதுகள வெச்சி நான் என்ன செய்யிற?" என்றார். நாவல் பிறேமில் பூட்டலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். 17,500இல் முடிந்தது. ஒரு பிளேன்ரியும் கிடைத்தது.

காசு கொடுக்குமுன் நூல் சோதனை. நூலின் ஒரு முனையை இடப்பக்கப் பின் கவையில் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றி, வலப்பக்கக் கவைக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இடப்பக்கம் 27 மில்லிமீற்றர், வலப்பக்கம் 28. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. நாலைந்து இருந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன். பின் இடைவெளி சரியாக 135. பெடல் பெட்டி 68. போக் நேர். முன்னால் முட்டிய பிறேமில் கீழ்க்குழாயின் அடியில், தலைக்குழாய்க்குக் கிட்ட, தோல் சுருங்கினமாதிரி மடிப்பு தெரியும். விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு.

பிறேம் 18 அங்குலம். என் உயரம் ஐந்தடி ஏழு. மேற்குழாயின் மேலாகக் கால் விரித்து நின்றால் நாலு விரல் இடைவெளி இருக்கிறது. கிறவலில் வழுக்கி இறங்க அது போதும்.

பஸ்ஸில் கொண்டக்டர் பிறேமைப் பார்த்துவிட்டு, "சில்லு எங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மீன்காரரின் தராசில் வைத்தேன். பிறேம் தனியாக 2.6 கிலோ.

2024 ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா. நாள் முழுக்க வீட்டில்.

பெடல் பெட்டிக் கப்புகளைக் கழற்றியாயிற்று. இங்கிலிஸ் புரியில் செயின் பக்கத்துக் கப் இடப்புரி. வலப்பக்கம் திருகினால்தான் கழரும். தெரியாமல் மற்றப் பக்கம் முறுக்குபவர்கள் புரியைக் கெடுப்பார்கள். சீற் தண்டும் ஊறவைத்த எண்ணெயில் இளகி வந்துவிட்டது. உள்ளே கம்பித் தூரிகை விட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயால் கழுவி, வெயிலில் காயவிட்டேன்.

அதன் பிறகு ஹாட்வெயார் கடையில் வாங்கிய லின்சீட் எண்ணெய். கதவு நிலைக்குப் பூசுகிற அதே எண்ணெய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஊற்றி, துவாரங்களை ரேப்பால் அடைத்து, பிறேமை எல்லாப் பக்கமும் புரட்டி, வடியவிட வேண்டும். காற்றோடு சேர்ந்து மெல்லிய தோலாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காய நாலைந்து நாள் செல்லும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துப் போட வேண்டும்.

பெடல் பெட்டியின் அடித்துவாரத்தை 5 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்தேன். இந்த ஊரில் இதுதான் முக்கியமான ஓட்டை.

2024 ஜூன் 26, புதன்

பழைய பூச்சை வழித்தெடுக்கவில்லை. நல்லாயிருக்கிற தொழிற்சாலைப் பூச்சை வழிப்பது வீண். எங்கள் தூரிகை அவ்வளவு பிடிப்பாகப் பூசாது. உரஞ்சிய இடங்களை மட்டும் வெள்ளை உருக்குத் தெரியும்வரை தேய்த்து, றெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, மேலே எனாமல் இரண்டு.

இது கச்சான் காலம். காற்று உலர்ந்தது, பூச்சுக்குத் தோது. ஆனால் பத்து மணிக்குப் பிறகு புழுதியையும் வாரிக்கொண்டு வரும். ஆகவே விடிய ஆறு மணிக்குப் பூசி, எட்டு மணிக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். வாடைக்காற்று தொடங்கிய பிறகு பூசினால் ஈரத்தையும் உப்பையும் சேர்த்தே பூசியதாகும்.

2024 ஜூலை 14, ஞாயிறு

சைக்கிள் பூட்டி முடிந்துவிட்டது. எல்லாம் அண்ணையின் கடைச் சாமான்: முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர், வி-பிறேக், 36 கம்பி றிம், 26 × 1.95 ரயர். போக் பிறேமோடு வந்த உருக்குப் போக்தான். அதற்குப் பதில் நீண்ட ஸ்பிரிங் போக் பூட்டினால் முன்பக்கம் உயரும். ஒவ்வொரு 20 மில்லிமீற்றருக்கும் தலைக்கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சரியும், ஹாண்டில் சோம்பேறியாகும். அந்தக் காலத்துப் பிறேம் அந்தக் காலத்துப் போக்கின் அளவுக்கே வரையப்பட்டது. செலவு 60,000க்குள் நின்றது. நல்ல செயினை மச்சான் கொண்டுவருவான். அதுவரை கடைச் செயின்.

காலையில் பாலையூற்று வழியாகக் கன்னியாவுக்குப் போய், வெந்நீரூற்றுக் கிணறுகளைத் தாண்டிப் பெரியகுளம் பக்கத்துக் கிறவலில் இறங்கினேன். தார் ரோட்டில் இது பந்தயச் சைக்கிள் அல்ல. மணலில் ரயர் புதைகிறது, காற்றைக் குறைத்தால் ஏறுகிறது. கிறவல் மேடுபள்ளத்தில் பிறேம் நன்றாக நிற்கிறது. கையை விட்டால் நேராக ஓடுகிறது. பின் கவட்டில் ஒரு முனகலும் இல்லை.

இந்த ஊரில் இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இது. ஸ்ரிக்கரை வாசித்து விலை கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் சைக்கிள் கடைக்காரரிடம் எந்த அளவுச் சாமான் எப்போதும் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள்; அந்த அளவுக்கு வெளியே இருக்கும் பிறேம் எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கானதல்ல. பிறேமைக் கவிழ்த்துப் பெடல் பெட்டியைச் சுற்றி ஊசியால் குத்துங்கள். சீற் தண்டு அசைகிறதா என்று பாருங்கள். நூல் கட்டி அளந்து பாருங்கள். சுவர் 0.8, 0.9 மில்லிமீற்றர் உள்ள இழைக்காத குரோமோலி கிடைத்தால், 0.6இன் பின்னால் போகாதீர்கள். கால் கிலோ கூடினாலும் பரவாயில்லை. வாங்கிய பிறகு மாரி தொடங்குமுன், அதாவது ஒக்டோபருக்கு முன்னர், குழாய்க்குள் எண்ணெய் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யுங்கள்.